போன்டியாக் ட்ரை-பவர்: மூன்று கார்ப் எஞ்சின் திணறினால் எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் போவது

1964 முதல் 1966 வரை வந்த போன்டியாக் ஜி.டி.ஓ.வின் 389 கன அங்குல எஞ்சினில், ட்ரை-பவர் என்ற மூன்று கார்ப் அமைப்பை எடுத்தவர்களுக்கு ரோச்செஸ்டர் கம்பெனியின் டூ-பேரல் (இரண்டு காற்றுத் துளை உள்ள) கார்புரேட்டர்கள் மூன்று வரிசையாக உட்கார்ந்திருக்கும். காற்றோடு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது கார்புரேட்டர், சுருக்கமாகக் கார்ப். என்னிடம் இருப்பது 1965 மாடல், நாலு கியர் மேனுவல். அதோடு நான் பட்ட பாட்டையும், மிச்சிகனில் என் கராஜுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த நண்பர்கள் தடுமாறிய இடங்களையும் வைத்து இதை எழுதுகிறேன்.

மூன்று கார்ப் என்றதும் மூன்றையும் சமப்படுத்த வேண்டும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். இந்த எஞ்சினில் கதை வேறு. ஐடிலிலும் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போதும்), ஊருக்குள் ஓட்டும்போதும், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போதும் வேலை செய்வது நடுக் கார்ப் ஒன்றுதான். முன்னாலும் பின்னாலும் இருக்கும் ஓரக் கார்புகள் தூங்கிக்கொண்டிருக்கும். ஆக்ஸிலரேட்டரை ஆழமாக மிதித்தால்தான் விழிக்கும். நான் பார்த்த கார்ப் கோளாறுகளில் பாதிக்கு மேல், அந்த இரண்டும் தூங்க வேண்டிய நேரத்தில் அரைக் கண் திறந்திருந்ததால் வந்தவை. மீதியில் பெரும்பகுதிக்குக் கார்புக்கும் சம்பந்தமே இல்லை, இக்னிஷன்தான் காரணம்.

ஆகவே முதலில் எஞ்சின், பிறகு தீப்பொறி, பிறகு பெட்ரோல் வரத்து, பிறகு ஏர் லீக், அதற்கும் பிறகுதான் கார்ப். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் அதற்கு மேல் செய்ததெல்லாம் வீண்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

வேக்குவம் கேஜ், டைமிங் லைட், ஆர்.பி.எம்.மும் ட்வெல்லும் (இக்னிஷன் பாயின்ட் மூடியிருக்கும் கோண அளவு) காட்டும் மீட்டர், பெட்ரோல் பிரஷர் கேஜ், கம்ப்ரஷன் கேஜ், ஃபீலர் கேஜ், 1/8 அங்குல ஆலன் கீ, நல்ல டார்ச். மூன்று கார்புக்கும் புதிய அடிக் கேஸ்கட். அரை மில்லிமீட்டர் தடிமனில் கொஞ்சம் அலுமினியத் தகடு; இது எதற்கு என்று 7-ஆம் படியில் தெரியும்.

உங்கள் ஆண்டுக்கான தொழிற்சாலைச் சர்வீஸ் கையேடு கட்டாயம் வேண்டும். 1966-இல் நடுக் கார்ப் பெரிதானது, மேனிஃபோல்டும் (கார்புகள் உட்கார்ந்திருக்கும், சிலிண்டர்களுக்குக் கலவையைப் பிரித்துக் கொடுக்கும் குழாய் அமைப்பு) அதற்கேற்ப மாறியது. அந்த ஆண்டின் அளவுகளை 1965-க்குப் பார்த்து ஃப்ளோட் (கார்ப் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) உயரம் வைத்தவர்களையும், துளை பொருந்தாத கேஸ்கட்டைப் போட்டுவிட்டு ஏர் லீக்கைத் தேடிக்கொண்டிருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கராஜ் கதவு முழுதாகத் திறந்திருக்கட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஃபேன் பக்கம் தொங்கும் சட்டைக் கை, ஐடி கார்டுக் கயிறு எதுவும் வேண்டாம்.

சைடு-டிராஃப்ட் கார்புகளைச் சமப்படுத்த வாயில் வைத்துக் காற்று அளக்கும் மீட்டர் ஒன்று உண்டு. அதை வாங்கி வந்துவிடாதீர்கள். ஐடிலிலும் எல்லாக் கார்பும் சேர்ந்து வேலை செய்யும் எஞ்சின்களுக்கானது அது. இங்கே ஐடிலில் சமப்படுத்த எதுவுமே இல்லை.

2. கோளாறை எழுதி வையுங்கள், ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்

குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? ஐடிலிலா, மெதுவாக மிதிக்கும்போதா, முழுசாக மிதிக்கும்போதா? இந்த இரண்டு கேள்விக்கும் பதிலை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஐடில் கோளாறை ஜெட் (கார்பில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) மாற்றிச் சரிசெய்ய முடியாது. முழு மிதியில் வரும் திணறலை ஐடில் ஸ்க்ரூ தீர்க்காது. எந்த நேரத்தில் வருகிறது என்பதே எந்தப் பாகத்தைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிடும்.

அடுத்து, இப்போது இருக்கும் நிலையைப் பதிவு செய்யுங்கள். நடுக் கார்பின் இரண்டு மிக்சர் ஸ்க்ரூவையும் (ஐடிலில் பெட்ரோலைக் கூட்டிக் குறைப்பவை) ஒவ்வொன்றாக மெதுவாக உள்ளே திருப்பி, எத்தனை சுற்றில் தட்டுகிறது என்று எண்ணி எழுதிவிட்டு, பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். இறுக்கி முடுக்கினால் ஊசி முனையில் வளையம் விழுந்துவிடும். அப்புறம் அந்த ஸ்க்ரூ எந்தக் காலத்திலும் சரியாக அட்ஜஸ்ட் ஆகாது.

போன வருடம் ஒரு தம்பி வந்தார். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பிளக், ஜெட், டைமிங், ஃப்ளோட் எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். காலையில் ஒரு கோளாறு, மாலையில் நான்கு. எது எதனால் வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவரவே இரண்டு நாள் போனது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், மாற்றியதும் ஓட்டிப் பாருங்கள், எழுதுங்கள்.

3. கம்ப்ரஷன்

எஞ்சினைச் சூடாக்கி, எட்டு பிளக்கையும் கழற்றி, காயில் இணைப்பைப் பிரித்து, நடுக் கார்பின் த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுத் தடுப்பை) முழுதாகத் திறந்து வைத்து அளக்கவும். த்ராட்டில் மூடியிருந்தால் காற்று போகாது, எல்லா சிலிண்டரும் குறைவாகவே காட்டும். மிகக் குறைந்த சிலிண்டர் மிக உயர்ந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்த வழிகாட்டியை மூடி வைத்துவிட்டு வால்வையும் ரிங்கையும் பாருங்கள். எரிந்த வால்வுக்குக் கார்பில் மருந்து இல்லை.

4. இக்னிஷன்: கார்ப் என்று நினைப்பது பலமுறை இதுதான்

வரிசை முக்கியம்: முதலில் ட்வெல், அப்புறம் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்). பாயின்ட் (மின்சாரத்தைத் துண்டித்துத் தீப்பொறி எழுப்பும் தொடுமுனை) இடைவெளி மாறினால் டைமிங்கும் கூடவே மாறும். தலைகீழாகச் செய்தால் இரண்டாவது வேலை முதல் வேலையைக் கெடுத்துவிடும்.

புதிய பாயின்டை 0.016 அங்குலத்தில் வைத்துத் தொடங்குங்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டெல்கோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போதே அதைத் தூக்கி, ஆலன் கீயை விட்டு, ட்வெல் 30 டிகிரி வரும்வரை திருப்பலாம். மீட்டர் இல்லாவிட்டால், எஞ்சின் மிஸ் அடிக்கும்வரை வலப்புறம் திருப்பி, அங்கிருந்து அரைச் சுற்று பின்னால் வாருங்கள்; ஏறக்குறைய சரியான இடத்தில் நிற்கும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் அட்வான்ஸ் குழாயைக் கழற்றி, முனையை அடைத்து, ஐடிலில் டைமிங்கை மேல் மையத்துக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்துக்கு) முன் 6 டிகிரியில் வையுங்கள். குழாயைக் கழற்றிவிட்டு அடைக்க மறப்பது எல்லாரும் செய்யும் தவறு. அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே போய், ஐடிலையே மாற்றிவிடும். நீங்கள் பொய்யான எண்ணை வைத்து டைமிங் வைத்துக்கொண்டிருப்பீர்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எஞ்சின் முன்னால் கிராங்க்ஷாஃப்டில் இருக்கும், டைமிங் கோடு போட்ட ஹார்மோனிக் பேலன்சரின் வெளி வளையம் உள் பகுதியோடு ரப்பரால் ஒட்டப்பட்டது. அறுபது வருட ரப்பர் வழுக்கும். வளையம் நகர்ந்துவிட்டால் டைமிங் கோடு பொய் சொல்லும். 6 டிகிரி என்று நீங்கள் பார்ப்பது உண்மையில் 15 ஆக இருக்கலாம். சந்தேகம் வந்தால் பேட்டரியைக் கழற்றி, முதல் சிலிண்டர் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் போட்டு, எஞ்சினைக் கையால் இரு பக்கமும் தட்டும்வரை சுற்றி, இரண்டு இடத்திலும் குறி வையுங்கள். இரண்டுக்கும் சரிபாதிதான் உண்மையான மேல் மையம்.

பிறகு ஆர்.பி.எம். ஏற ஏற டைமிங் சீராக முன்னேறுகிறதா, விட்டதும் திரும்பி வருகிறதா என்று லைட்டில் பாருங்கள். மொத்தம் 34 முதல் 36 டிகிரியில் நின்றால் போதும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டால், மிதித்துவிட்டு விட்ட பிறகும் ஐடில் மேலேயே தொங்கும். இதைக் கண்டு லிங்கேஜ் (பெடலையும் த்ராட்டில்களையும் இணைக்கும் கம்பிகள்) சிக்குகிறது என்று நினைத்துத் த்ராட்டில் ஸ்ப்ரிங்கை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. ஒரு சொட்டு எண்ணெயில் முடிகிற வேலை அது.

பற்றவைப்பு வரிசை 1-8-4-3-6-5-7-2. போன்டியாக்கில் டிஸ்ட்ரிபியூட்டர் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். வேறு கம்பெனி எஞ்சினில் பழகிய கை இங்கே வயரை மாற்றிப் போட்டுவிடும். 5-ஆம் 7-ஆம் சிலிண்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை, அடுத்தடுத்துப் பற்றுபவை. அந்த இரண்டு வயரும் ஒட்டி ஓடினால் ஒன்றின் மின்சாரம் மற்றதிலும் தூண்டப்படும். இரண்டையும் பிரித்துக் கட்டுங்கள். பிளக் இடைவெளி 0.035 அங்குலம்.

5. பெட்ரோல் வரத்தும் ஃப்ளோட்டும்

பிரஷர் கேஜை கார்புக்கு வரும் குழாயில் சேர்த்து, ஐடிலில் பாருங்கள். 5 முதல் 6.5 பி.எஸ்.ஐ.க்குள் இருக்கட்டும். மாற்றாகக் கிடைக்கும் பம்புகளில் சில இதைவிட அதிகமாகத் தள்ளும். அப்போது நீடில் (ஃப்ளோட் ஏறியதும் பெட்ரோலை அடைக்கும் ஊசி) உட்கார முடியாது, பெட்ரோல் மேலேறி வெஞ்சூரிக்குள் (கார்பின் குறுகிய காற்றுக் குழலுக்குள்) சொட்டும். நீங்கள் ரிச் மிக்சர் (பெட்ரோல் அதிகமான கலவை) என்று நினைத்து ஸ்க்ரூவை உள்ளே திருப்பிக்கொண்டிருப்பீர்கள்.

டேங்குக் குழாயிலிருந்து கார்ப் வாயில் இருக்கும் சிறு ஃபில்டர் வரை எல்லாவற்றையும் பாருங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் பழைய ரப்பர் குழாய் உள்ளேயே உரிந்து துகளாகும். வெளியே பார்க்கப் புதிதுபோல இருக்கும்.

பித்தளை ஃப்ளோட்டைக் காதருகில் வைத்து ஆட்டுங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. சத்தம் கேட்காவிட்டாலும் வெந்நீரில் அமுக்கிப் பார்த்தால் குமிழி வரும். ஃப்ளோட் உயரம், தொங்கும் அளவு இரண்டையும் கையேட்டின்படி, கேஸ்கட் போட்ட நிலையில் வையுங்கள். உயரம் மட்டும் வைத்துவிட்டுத் தொங்கலை விட்டுவிட்டால், முழு மிதியில் நீடில் போதுமான அளவு திறக்காது. வண்டி பத்து விநாடி நன்றாக இழுத்துவிட்டுத் தளரும்.

ஒரு வாரம் நிறுத்தி வைத்த வண்டி நெடுநேரம் சுற்றிய பிறகே ஸ்டார்ட் ஆனால், அது கோளாறு அல்ல. கிண்ணங்களில் பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். ஒரே மெக்கானிக்கல் பம்ப் மூன்று கிண்ணத்தையும் நிரப்ப வேண்டும். பத்து விநாடி சுற்றுங்கள், கொஞ்சம் ஓய்வு கொடுங்கள், மறுபடி சுற்றுங்கள். பாட்டிலிலிருந்து கார்ப் வாயில் பெட்ரோல் ஊற்றுவது மட்டும் வேண்டாம். ஒரு பேக்ஃபயர் போதும், முகம் கருகிவிடும்.

6. ஏர் இழுக்கும் இடங்கள்

போன்டியாக்கில் ஒரு வசதி உண்டு. இன்டேக் மேனிஃபோல்டு லிஃப்டர் பள்ளத்தை (வால்வுகளை இயக்கும் லிஃப்டர்கள் இருக்கும் நடுப் பள்ளத்தை) மூடுவதில்லை. அதற்குத் தனித் தகடு இருக்கிறது. அதனால் மேனிஃபோல்டு கேஸ்கட் லீக் எல்லாம் வெளியே, கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் இடத்தில்தான் இருக்கும்.

எஞ்சின் ஐடிலில் ஓடும்போது கேஸ்கட் ஓரங்கள், மூன்று கார்பின் அடி, த்ராட்டில் ஷாஃப்ட் முனைகள், பிரேக் பூஸ்டர் இருந்தால் அதன் குழாய், பி.சி.வி. குழாய் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்குத் திருப்புவது) என்று ஒவ்வோர் இடமாகத் தண்ணீர் தெளியுங்கள். சத்தமோ ஆர்.பி.எம்.மோ மாறினால் அங்கே ஏர் இழுக்கிறது. கார்ப் க்ளீனர் ஸ்ப்ரேயும் வேலை செய்யும். ஆனால் சூடான எக்ஸாஸ்ட் அருகே அதை அடிக்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

த்ராட்டில் ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால், கார்ப் உடலில் ஷாஃப்ட் போகும் துளை தேய்ந்திருக்கிறது. புஷ் போடாமல் எந்தக் கிட் வாங்கிப் போட்டும் பயனில்லை.

மேனிஃபோல்டைக் கழற்ற நேர்ந்தால் திரும்பப் பொருத்தும்போது ஒரு வரிசை இருக்கிறது. முன்னால் டைமிங் கவரோடு மேனிஃபோல்டை இழுத்துப் பிடிக்கும் நீளமான போல்ட்டை முதலில் இறுக்குங்கள். ஹெட்டோடு சேரும் போல்ட்டுகள் அதற்குப் பிறகு. மாற்றிச் செய்தால் மேனிஃபோல்டு முன்னால் நகர முடியாமல் நின்றுவிடும், ரப்பர் வளையம் சரியாக அமுங்காது, கூலன்ட் ஒழுகும்.

7. ஓரக் கார்புகள் உண்மையிலேயே தூங்குகின்றனவா?

இந்த ஒரு படிக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஓரக் கார்புகளில் ஐடில் அமைப்பு கிடையாது. சோக் (குளிரில் காற்றைக் குறைக்கும் தடுப்பு) இல்லை, பவர் வால்வு (முழு மிதியில் கூடுதல் பெட்ரோல் விடுவது) இல்லை. அவற்றின் பட்டர்ஃப்ளைகள் (த்ராட்டில் தகடுகள்) மூடியிருக்கும்போது ஏறக்குறைய காற்றே போகக் கூடாது. நான்கு பட்டர்ஃப்ளையில் ஒன்று தலைமுடி அளவு திறந்திருந்தாலும், பெட்ரோல் சேராத வெறும் காற்று எஞ்சினுக்குள் போகும். எஞ்சின் லீன் ஆகும், அதாவது கலவையில் பெட்ரோல் குறையும். அதை ஈடுகட்ட நடுக் கார்பின் ஸ்க்ரூவைத் திறப்பீர்கள். அதுவும் போதாமல் ஐடில் வேக ஸ்க்ரூவை ஏற்றுவீர்கள். அப்புறம் சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் குலுங்கிக் குலுங்கி ஓடும். நான் இப்படியே ஒரு கோடைக்காலத்தைத் தொலைத்தேன்.

முதலில் விரைவுச் சோதனை. ஓரக் கார்புகளுக்குப் போகும் லிங்கேஜ் கம்பியைக் கழற்றுங்கள். எஞ்சின் ஐடிலில் ஓடட்டும். தட்டையான தடித்த ரப்பர் ஷீட்டால் முன் கார்பின் வாயை மூடுங்கள், கை வேண்டாம். ஆர்.பி.எம். மாறக் கூடாது. மாறினால் அந்தக் கார்ப் மூடவில்லை. பின் கார்புக்கும் அப்படியே. கூடவே டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஐடிலில் ஓரக் கார்பின் வெஞ்சூரி உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் தெரிந்தால் அந்தக் கார்பின் ஃப்ளோட்டோ நீடிலோ சரியில்லை. 5-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

உறுதிச் சோதனைக்குத்தான் அந்த அலுமினியத் தகடு. கேஸ்கட்டை வைத்துக் கோடு போட்டு, போல்ட் துளை மட்டும் விட்டு, காற்றுத் துளை இல்லாமல் இரண்டு தகடு வெட்டுங்கள். ஓரக் கார்புகளுக்கு அடியில், மேலும் கீழும் கேஸ்கட் வைத்து மாட்டுங்கள். இப்போது உங்களிடம் இருப்பது ஒரே ஒரு டூ-பேரல் கார்ப் உள்ள எஞ்சின். ஐடில் சட்டென்று அமைதியானால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. எந்த மாற்றமும் இல்லையென்றால் ஓரக் கார்புகளை விட்டுவிடலாம். கோளாறு நடுக் கார்பிலோ முந்தைய படிகளிலோ இருக்கிறது.

மூடாத பட்டர்ஃப்ளையைச் சரிசெய்ய, கார்பைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடியுங்கள். ஓரத்தில் பிறை போல ஒளி தெரியும் பக்கம்தான் பிரச்சினை. பட்டர்ஃப்ளை ஓரம் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். முன்பு யாரோ கழற்றித் திருப்பிப் போட்டிருந்தால் எவ்வளவு முயன்றாலும் மூடாது. அதை முதலில் பாருங்கள்.

பட்டர்ஃப்ளை ஸ்க்ரூக்களின் முனை அடித்து விரிக்கப்பட்டிருக்கும். அப்படியே திருகினால் ஷாஃப்டின் மரை கெடும். விரிந்த முனையை மெல்ல அரைத்து எடுத்துவிட்டு, ஸ்க்ரூவை அரைகுறையாகத் தளர்த்தி, த்ராட்டிலை இறுக மூடிப் பிடித்து, தகட்டை லேசாகத் தட்டினால் அது தானே நடுவில் வந்து உட்காரும். அந்த நிலையில் புதிய ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக மாற்றி, த்ரெட்லாக்கர் தடவி இறுக்கி, முனையை மறுபடி விரித்துவிடுங்கள். இதில் சோம்பல் காட்டக் கூடாது. கழன்ற ஸ்க்ரூ நேராக சிலிண்டருக்குள் போகும்.

8. நடுக் கார்பை மட்டும் வைத்து ஐடில்

தகடுகள் இருக்கட்டும். எஞ்சின் முழுச் சூட்டில், சோக் முழுதாகத் திறந்து, குளிரில் ஐடிலை உயர்த்தும் ஃபாஸ்ட் ஐடில் படியிலிருந்து ஸ்க்ரூ இறங்கியிருக்க வேண்டும். சோக் கால்வாசி மூடியபடி ட்யூன் செய்துவிட்டு, மறுநாள் வேறு மாதிரி ஓடுகிறதே என்று கேட்பவர்கள் அதிகம்.

இரண்டு மிக்சர் ஸ்க்ரூவையும் மெல்லத் தட்டும்வரை உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். வேக்குவம் கேஜை மேனிஃபோல்டில் மாட்டுங்கள். ஒரு ஸ்க்ரூவை ஆர்.பி.எம். குறையும்வரை உள்ளே, பிறகு வேக்குவம் உச்சத்துக்கு வரும்வரை வெளியே. அடுத்த ஸ்க்ரூவுக்கும் அப்படியே. கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்ப வேண்டாம். திருப்பிய பிறகு அரை நிமிடம் பொறுங்கள். ஐடில் ஏறினால் வேக ஸ்க்ரூவைக் குறைத்து, மறுபடி முதலிலிருந்து. கடைசியில் உங்கள் கியர்பாக்ஸுக்குக் கையேடு சொல்லும் ஆர்.பி.எம்.மில் நிறுத்துங்கள்.

ஸ்டாக் கேம்ஷாஃப்டில் வேக்குவம் 15 அங்குலத்துக்கு மேல் நிலையாக நிற்க வேண்டும். நீங்கள் இருக்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஓர் அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். முள் நிலையாக ஆனால் தாழ்வாக நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கிறது அல்லது ஏர் லீக். ஒரே தாளத்தில் விட்டுவிட்டுத் துடித்தால் ஒரு வால்வோ ஒரு பிளக்கோ. மெதுவாக மேலும் கீழும் அலைந்தால் மிக்சர்.

ஸ்க்ரூவைத் திருப்பினாலும் எந்த மாற்றமும் இல்லையா? அப்போது த்ராட்டில் அதிகம் திறந்திருக்கிறது. பட்டர்ஃப்ளைக்கு மேலே இருக்கும் ட்ரான்ஸ்ஃபர் துளை வெளிப்பட்டு, பெட்ரோல் அந்த வழியாக வருகிறது. ஸ்க்ரூவின் வழியாக அல்ல. வேக ஸ்க்ரூவை ஏற்றி வைத்து வேறொரு கோளாறை மறைத்திருக்கிறீர்கள் என்று பொருள். அந்தக் கோளாறு பெரும்பாலும் 4, 6, 7-ஆம் படிகளில் ஒன்றில் இருக்கும்.

9. ஆக்ஸிலரேட்டர் பம்பும் பவர் பிஸ்டனும்

எஞ்சினை அணைத்து, டார்ச்சோடு நடுக் கார்பின் வாயில் பார்த்தபடி த்ராட்டிலைத் திறவுங்கள். அசைந்த கணமே ஆக்ஸிலரேட்டர் பம்பிலிருந்து பெட்ரோல் இரண்டு பீச்சாக வர வேண்டும். தாமதமாக வந்தால் பம்ப் பிஸ்டனின் அடைப்பு வளையம் காய்ந்திருக்கும் அல்லது பெட்ரோல் வெளியேறும் வழியை மூடும் சிறு குண்டு உட்காரவில்லை. ஒரு பக்கம் மட்டும் வந்தால் அடைப்பு. பச்சை விளக்கில் புறப்படும்போது வரும் அந்த ஒரு நொடித் தடுமாற்றம் பெரும்பாலும் இங்கேதான்.

பவர் வால்வைத் திறக்கும் பவர் பிஸ்டனை விரலால் அழுத்திப் பார்த்தால் தடையில்லாமல் போய்த் திரும்ப வேண்டும். கீழேயே சிக்கிக்கொண்டால் வால்வு எப்போதும் திறந்திருக்கும். வண்டி மெதுவாகப் போகும்போதும் கரும்புகை விடும், பிளக் எல்லாம் கரி பிடிக்கும்.

10. லிங்கேஜ்

இப்போது தகடுகளை எடுத்துவிட்டுப் புதிய கேஸ்கட்டோடு ஓரக் கார்புகளை மாட்டலாம். இந்தப் படி முழுவதும் எஞ்சின் அணைந்தே இருக்கட்டும்.

மெக்கானிக்கல் லிங்கேஜில் நடுக் கார்ப் பாதி திறந்த பிறகே ஓரக் கார்புகள் அசையத் தொடங்க வேண்டும். முழு மிதியில் மூன்றும் ஒன்றாக முழுதாகத் திறக்க வேண்டும். முன்னது முதலில், பின்னது பிறகு என்று பிரிந்து வரக் கூடாது. கம்பி மிக நீளமாகவோ குட்டையாகவோ இருந்தால், அது ஓரத் த்ராட்டிலை லேசாகத் தள்ளிப் பிடித்திருக்கும். 7-ஆம் படியில் செய்த வேலை எல்லாம் போச்சு. மூடிய நிலையில் கம்பியில் சிறிது தளர்வு கைக்குத் தெரிய வேண்டும்.

முழுத் திறப்பைக் கார்ப் பக்கம் நின்று கையால் இழுத்துச் சோதிக்காதீர்கள். ஒருவரை உள்ளே உட்காரவைத்துப் பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். தரை விரிப்பு தடித்திருந்தாலோ கம்பி வளைந்திருந்தாலோ பெடல் பாதியில் நின்றுவிடும். ஓரக் கார்புகள் கால்வாசிதான் திறக்கும். பவர் இல்லை என்று சொல்லி வந்த ஒரு வண்டியின் முழு வைத்தியமும் தரை விரிப்பைச் சற்று நகர்த்தியதுதான்.

பெடலை விட்டதும் மூன்றும் டப்பென்று மூட வேண்டும். ரிட்டர்ன் ஸ்ப்ரிங் எல்லாம் இருக்கிறதா, ஏர் க்ளீனரை மாட்டிய பிறகும் எதுவும் உரசவில்லையா என்று பாருங்கள். இதில் ஒரு சிறு சந்தேகம் இருந்தாலும் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். மூன்று கார்பும் திறந்தபடி சிக்கிய ஜி.டி.ஓ.வை பிரேக் மட்டும் வைத்து நிறுத்துவது லேசான காரியம் அல்ல.

வேக்குவத்தில் இயங்கும் லிங்கேஜ் உள்ள வண்டியில் கைப் பம்பால் டயாஃப்ரத்தை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நிற்காமல் இறங்கினால் கிழிந்திருக்கிறது. அந்த வண்டியில் ஓரக் கார்புகள் திறக்காததோடு ஏர் லீக்கும் சேர்ந்து வரும்.

11. ஓட்டிப் பார்ப்பது

மூடிய ட்ராக் அல்லது ஆள் நடமாட்டமே இல்லாத இடம். இரண்டாவது கியரில் 2,500 ஆர்.பி.எம். தாண்டிய பிறகு முழுசாக மிதியுங்கள். நாலாவது கியரில் 1,500-இல் போய்க்கொண்டிருக்கும்போது மிதித்து, திணறுகிறது என்று சொல்வது எஞ்சினுக்குச் செய்யும் அநியாயம். ஆறு துளை ஒரேயடியாகத் திறந்தால் காற்றின் வேகம் விழுந்துவிடும், பெட்ரோலை இழுக்க வலு இருக்காது.

சரியான வேகத்திலும் திணறினால், முதலில் ஓரக் கார்புகளின் பம்பைப் பாருங்கள். மேனுவல் வண்டியின் ஓரக் கார்புகளிலும் பம்ப் உண்டு, பலர் மறந்துவிடுவார்கள். அடுத்து கிண்ணம். மாதக்கணக்கில் திறக்காத கார்பில் பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைக்கும். அதனால்தான் நான் வண்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும், எஞ்சின் சூடான பிறகு, ஒரு தடவையாவது மூன்றையும் திறந்துவிடுவேன். மனைவி அதை வேறு பெயரில் அழைப்பார்.

ஜெட் மாற்றுவது கடைசி. முழு மிதியில் இழுத்து, கிளட்சை மிதித்து, உடனே சாவியை அணைத்து, ஓரமாக நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சாவியை லாக் நிலைவரை திருப்பிவிடாதீர்கள். முன்னால் இருக்கும் 1, 2 மட்டும் வெளுத்திருந்தால் (லீன் என்பதன் அடையாளம்) முன் கார்பையும், 7, 8 மட்டும் வெளுத்திருந்தால் பின் கார்பையும் முதலில் சந்தேகியுங்கள். எட்டும் ஒரே மாதிரி வெளுத்திருந்தால் ஓரக் கார்புகள் இரண்டிலும் ஜெட்டை இரண்டு எண் ஏற்றுங்கள். ரோச்செஸ்டர் ஜெட்டின் எண் துளையின் விட்டம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்.

மூன்று கார்பிலும் ஒரே ஜெட் போட்டுச் சமப்படுத்தியிருந்த வண்டிகள் இரண்டு பார்த்தேன். ஓரக் கார்புகளில் பவர் வால்வு இல்லாததால் அந்தக் கூடுதல் பெட்ரோலும் ஜெட் வழியாகத்தான் வர வேண்டும். அதனால்தான் அங்கே பெரிய ஜெட் போட்டு அனுப்பினார்கள்.

12. சூட்டில் மட்டும் வரும் தொல்லை

நன்றாக ஓடி, கடையில் பதினைந்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ட்யூனிங்கைத் தொடாதீர்கள். நிறுத்திய பிறகு எஞ்சின் சூடு மேலேறிக் கிண்ணத்துப் பெட்ரோலைக் கொதிக்கவைக்கிறது. அது வெஞ்சூரி வழியாக மேனிஃபோல்டுக்குள் வழிகிறது. எத்தனால் கலந்த பெட்ரோலில் இது இன்னும் எளிதாக நடக்கும்.

பெடலைப் பம்ப் செய்யாமல், மெதுவாகத் தரைவரை மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். எஞ்சின் காற்றை இழுத்து அதிகப்படிப் பெட்ரோலைத் துடைத்துக்கொள்ளும்; பற்றியதும் காலை எடுத்துவிடுங்கள்.

நிரந்தரத் தீர்வுக்கு, எக்ஸாஸ்ட்டில் இருக்கும் ஹீட் ரைசர் வால்வு மூடிய நிலையில் சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிக்கியிருந்தால் எக்ஸாஸ்ட் சூடு முழுவதும் கார்புக்கு அடியில்தான் போய்க்கொண்டிருக்கும். அது சரியாக இருந்தால் கார்புக்கு அடியில் தடித்த இன்சுலேட்டர் கேஸ்கட் போடலாம். போட்ட பிறகு 10-ஆம் படியை மறுபடி செய்யுங்கள். கார்ப் உயர்ந்தால் த்ராட்டில் கம்பியின் நீளமும் மாறும். ஏர் க்ளீனர் பானட்டில் இடிக்கிறதா என்று மூடிப் பார்க்கும் முன், மேலே ஒரு களிமண் உருண்டை வைத்து எவ்வளவு நசுங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.